துரைசானிக்குத் தண்ணீர் கொடுக்காதே

எங்கள் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்ல வராது. அவருக்கு வந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அவர் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஓசூரில் நடந்த அந்தக் காரியத்தை எங்கிருந்து ஆரம்பித்தாலும் அது கடைசியில் என் வாயில்தான் வந்து நிற்கிறது. அதனால்தான் அப்பாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். கொஞ்ச நேரமாவது தள்ளி நின்றுகொள்ளலாமே.

அப்பா வெள்ளைக்காரக் கல்லறைக்குக் காவல்காரர். ஊர் எல்லை முடிந்ததும் வண்டிப்பாதை ஓரமாக ஆளுயர மதில், துருப்பிடித்த இரும்புக் கேட், கேட்டை ஒட்டி எங்களுக்கு இரண்டு அறை ஓட்டு வீடு. உள்ளே மைசூர்ச் சண்டைக் காலத்துச் சிப்பாய்கள் முதல், பிற்பாடு உத்தியோகம் பார்க்க வந்து இங்கேயே காய்ச்சலில் போன துரைமார், அவர்கள் வீட்டுப் பெண்கள் வரைக்கும் படுத்திருந்தார்கள். அம்மா எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே தவறிவிட்டாள். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். நாங்கள் வேதக்காரர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது முடித்து, சில வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு, டீச்சர் டிரெயினிங்குக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தேன். பத்தொன்பது வயது. கை சும்மா இருந்தது, வாய் சும்மா இருக்கவில்லை.

வெள்ளைக்காரன் கப்பல் ஏறிய பிறகு கல்லறைக்குக் கேட்பாரில்லை. பெங்களூரிலிருந்து ஒரு பாதிரியார் வருஷத்துக்கு ஒரு தரம் வருவார். நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கல்லறை கல்லறையாக நடந்து, எந்தக் கல் இருக்கிறது, எது காணாமல் போனது என்று குறித்துக்கொண்டு போவார். கற்கள் காணாமல் போய்க்கொண்டுதான் இருந்தன. பேர் வெட்டிய பலகைக் கற்கள், பளபளவென்று இழைத்தவை. துணி துவைக்க அதைவிட நல்ல கல் சேலம் ஜில்லாவிலேயே கிடைக்காது. கவிழ்த்துப் போட்டுவிட்டால் எழுத்தும் தெரியாது. அக்கம்பக்கத்தில் பாதி வீட்டுக் கிணற்றடியில் யாரோ ஒரு துரை குப்புறக் கிடந்தார். போலீசுக்குப் போனால், "செத்துப்போன வெள்ளைக்காரனுக்குக் கல்லு எதுக்குயா?" என்று அப்பாவைத்தான் கேட்டார்கள். பாதிரியார் அந்த வருஷம் நோட்டை மூடிவிட்டு, இன்னும் ஒரு கல் போனால் வேறு ஆளை வைக்க வேண்டியிருக்கும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். வேறு ஆள் என்றால் இந்த வீடும் வேறு ஆளுக்குத்தான்.

அப்பா பேயை நம்பினார். அதாவது, பேய் வந்து கல்லைக் காப்பாற்றும் என்று நம்பினார். தலையில்லாத ஒரு சார்ஜெண்டு குதிரையில் வந்து கல் எடுத்தவனைத் தேடுகிறான் என்று டீக்கடையில் போய்ச் சொன்னார். அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் நிதானமாக டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தல இல்லாதவன் எங்கள எப்பிடிங்க அடையாளம் கண்டுபுடிப்பான்?" என்று கேட்டாராம். அப்பா நேராக வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார், எப்படிக் கண்டுபிடிப்பான் என்று. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு ஒரு திமிர். அப்பா கெட்டிக்காரத்தனம் இல்லாமல் செய்ததை நான் செய்துகாட்டுகிறேன் என்ற திமிர்.

மதிலோரம் ஒரு துரைசானியின் கல்லறை இருந்தது. இருபத்திரண்டு வயது, ஓசூரில் காய்ச்சலில் இறந்தாள் என்று இங்கிலீஷில் வெட்டியிருந்தது. அவளை எடுத்துக்கொண்டேன். காய்ச்சலில் செத்தவள், தாகத்தோடு செத்தவள். பொழுது சாயும் நேரத்தில் மதிலுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் கேட்பாள். தமிழ் பேசுகிறவர்களிடம் தமிழில், கன்னடக்காரர்களிடம் கன்னடத்தில், தெலுங்குக்காரர்களிடம் தெலுங்கில். நம் ஊரில் மூன்றும் தெரியாத பேய்க்குப் பிழைப்பு ஏது? அவளுடைய கல் யார் வீட்டில் கிடக்கிறதோ அந்த வீட்டுப் பெண்ணின் மேல் ஏறி அவள் வாயாலேயே தண்ணீர் கேட்பாள். கொடுத்துவிட்டால் அந்த உடம்பைவிட்டுப் போகவே மாட்டாள். கொடுக்காமல் இருந்தால் அலுத்துப்போய்க் கிளம்பிவிடுவாள்.

கடைசியில் சொன்னேனே, அந்தத் 'தண்ணீர் கொடுக்காதே', அதைத்தான் நான் மிகவும் மெச்சிக்கொண்டேன். அப்பாவின் சார்ஜெண்டை ஏன் யாரும் மதிக்கவில்லை என்று யோசித்துப் பார்த்துக் கண்டுபிடித்தது அது. அவன் வந்தால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று அப்பா சொல்லவில்லை. ஜனங்களுக்குச் செய்யக் கூடாதது ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

மோர் விற்க வருகிற அம்மாவிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஊர் முழுக்கப் போக வேண்டிய விஷயம் என்பதால் இரண்டு முறை சத்தியம் வாங்கினேன்.

பத்து நாளில் முதல் கல் திரும்பி வந்தது. காலையில் கேட்டைத் திறந்தால் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே இரண்டு செவ்வந்திப் பூவோடு ஒரு லெப்டினென்ட் படுத்திருந்தார். அதற்கப்புறம் வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று வந்தன. எங்களுடையது இல்லாத கற்கள்கூட வந்தன. ஒரு நாள் பர்லாங்கு கல் ஒன்றையே யாரோ பயந்துபோய் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா அதைப் பழையபடி ரோட்டோரம் நட்டுவிட்டு வந்து, என் தலையைத் தடவிக் கொடுத்தார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை.

கல் திரும்பி வராத வீடு ஒன்றுதான். எங்களுக்கு எதிர்வீடு.

அவர்கள் தோட்டக்காரர்கள். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். கத்தரி, அவரை, முள்ளங்கி போட்டுக் கெலமங்கலம் சந்தைக்கு வண்டி கட்டுவார்கள். வீட்டில் நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், அவர் மகன், மருமகள், மூன்றே பேர். மகனை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். மருமகள் கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து வந்தவள், தாயில்லாத பெண். அந்த விஷயத்தில் நானும் அவளும் ஒன்று. வயதும் ஒன்று. மதிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், மத்தியானம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்போம். எனக்கு வாழ்க்கையில் சிநேகிதி என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பேன்? இத்தனை சாமர்த்தியம் செய்துவிட்டு ஒருத்தரிடமாவது பீற்றிக்கொள்ள வேண்டாமா?

"அடிப்பாவி, நீயா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஊரே பொழுது போனா கதவ சாத்திக்குது. எங்க அத்தைகூட சொம்ப மறைச்சி எடுத்துட்டு வராங்க. உன் வாயில மண்ணப் போட!"

அவர்கள் கிணற்றடியில் கிடந்ததும் எங்கள் கல்தான். அதுவும் அந்தத் துரைசானியின் கால்மாட்டுக் கல். பெரியம்மா அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இவள்தான் விடவில்லை. "நல்ல கல்லு. துணி பளிச்சுனு வருது. துரைசானி வந்தா நான் பேசிக்கறேன்" என்று மாமியாரிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அவள் பயப்படாததற்குக் காரணம் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். பார்க்கிறவர்களுக்கு, துரைசானி அப்போதே அவளைப் பிடித்துவிட்ட மாதிரி தெரிந்திருக்கிறது. அப்போதே அந்தக் கல்லை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். கர்ப்பமாக இருந்த நாள் முழுக்க அவள் அதில்தான் துவைத்தாள்.

தாயில்லாததால் முதல் பிரசவம் மாமியார் வீட்டிலேயே நடந்தது. பெண் குழந்தை. சுகப்பிரசவம் என்று பெரியம்மா எங்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரை கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு அதிகம் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். வயிறு பெருத்துவிடும், ஜன்னி கண்டுவிடும் என்று பயம். காரமருந்தும் பூண்டுமாகக் கொடுத்து, மேலே ஒரு முழுங்கு வெந்நீர் விட்டால் அதிகம். அதிலேயே எல்லோருக்கும் நாக்கு வறண்டு போகும். இவளுக்கு மேலுக்கு நெருப்பாகச் சுட்டது. தண்ணீர் வேண்டும் என்று கேட்டாள். மறுபடி கேட்டாள். நான்காம் நாள் காய்ச்சல் வேகத்தில், பிறந்த வீட்டில் பேசிய கன்னடத்தில் கேட்டாள், புருஷன் வீட்டுத் தெலுங்கில் கேட்டாள், தமிழிலும் கேட்டாள். அவளுக்கு மூன்றும் தெரியும். அந்தத் தெருவில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் பெரியம்மாவுக்கு அன்றைக்கு ஞாபகம் வந்தது வேறு.

அன்று மத்தியானம் அண்ணாவும் இன்னொருவருமாக அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கேட்டில் வைத்தார்கள். கல்லில் மஞ்சள் பூசியிருந்தது. அண்ணா அழுதுகொண்டிருந்தார். எனக்கு விஷயம் புரிந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

அவள் பாயில் கிடந்தாள். உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. பக்கத்தில் குழந்தை துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா அவள் நெற்றியை வருடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவரைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படி நினைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அந்தப் பெண்ணை மருமகளாக ஒரு நாளும் நடத்தியதில்லை அவர், மகளாகத்தான் வைத்திருந்தார். அவருடைய உதடும் காய்ந்துதான் இருந்தது. இரண்டு நாளாக அவரும் பச்சைத் தண்ணீர் தொடவில்லை.

"அவ வாய் காஞ்சி கெடக்கறப்ப எனக்கு எறங்குமா கண்ணு?" என்றார்.

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். துரைசானி என்று ஒருத்தியும் வரவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, எல்லாம் நான் கட்டிவிட்டது, கல் திருட்டுப் போகாமல் இருக்க நான் சொன்ன பொய் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொன்னது பொய்யாவே இருக்கட்டும். அப்ப இவ எதுக்கு தண்ணி தண்ணின்னு சாவறா? நீ சொன்ன மாதிரியேதான கேக்கறா?"

"காய்ச்சல் பெரியம்மா. காய்ச்சல்ல தாகம் எடுக்கும்."

"அந்தத் துரைசானியும் காய்ச்சல்லதான செத்தா?"

அது கல்லிலேயே வெட்டியிருக்கிறது. அந்த ஒன்று மட்டும்தான் உண்மை.

பாயிலிருந்து அவள் பேசினாள். தெளிவாகத்தான் பேசினாள். "அத்த, அது இவ கட்டுன கத அத்த. எங்கிட்ட சொல்லியிருக்கா. நான்தான் அத்த, உங்க மருமவ. எனக்குத்தான் தாகம்."

பெரியம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "கேட்டியா, எப்பிடி நயமா பேசுது பாரு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அவர் கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து, அடுப்பங்கரையிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துவந்து அவள் வாயில் வைத்தேன். இரண்டு முழுங்கு குடித்திருப்பாள். பெரியம்மா திரும்பி வந்து பார்த்துவிட்டு அலறி அதைத் தட்டிவிட்டார். தண்ணீர் குழந்தை மேல் பட்டு அது வீரிட்டு அழுதது. அதற்கப்புறம் என்னை உள்ளே விடவில்லை. "நீ கல்லறையிலேயே பொறந்து வளந்தவ. உன்ன அது தொடாது. என் மருமவள அப்பிடி விட்டுருமா?" என்று கதவைச் சாத்தினார்.

அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். அப்பா வாசலில் நின்று, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "அம்மா, பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. நானும் எம் பொண்ணும் சொன்ன பொய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டு போங்க" என்று கெஞ்சினார். உள்ளேயிருந்து பெரியம்மா பதில் சொன்னார்.

"நீங்க அப்பிடித்தான் சொல்லணும். அதோட வாசல்ல குடியிருக்கீங்க. உங்களுக்கு பயம் இருக்காதா?"

அண்ணாவுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மனசிருந்தது. வண்டிகூடப் பூட்டினார். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை கல்லறை மதிலை ஒட்டித்தான் போகிறது. பேய் பிடித்த பச்சை உடம்புக்காரியை அந்த மதிலோரம் எப்படிக் கொண்டுபோவது? கெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பூசாரிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறது, வெள்ளிக்கிழமை வந்துவிடுவார், அதுவரைக்கும் பொறு என்று பெரியம்மா சொன்னார். அண்ணா மாட்டை அவிழ்த்துக் கட்டினார். அம்மாவைத் தட்டிப் பேச அவரால் முடியவில்லை. என்னாலும்தான் முடியவில்லை. அந்த மதிலைப் பார்த்துக்கொண்டு எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டிலிருந்து அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் எழுதிக் கொடுத்ததைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நினைத்தபோது, நாக்கை அறுத்துப் போட்டுவிடலாம் போல இருந்தது.

மறுநாள் உச்சிப்பொழுதில் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது. எல்லார் மேலும். எழுந்து நேராக எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். தலையைக்கூட விரித்துப் போட்டுக்கொள்ளவில்லை. அழவில்லை, நடுங்கவில்லை, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தேன்.

"துரைசானி எங்கிட்ட பேசினா. கல்ல திருப்பிக் குடுத்துட்டீங்களாம், அவளுக்கு மனசு ஆறிடுச்சாம். எங்க கெணத்துத் தண்ணி மூணு சொம்பு, என் கையால குடுத்தா எறங்கிப் போயிடறேன்னு சொன்னா."

ஒரு கேள்வி கேட்கவில்லை யாரும். எப்போது பேசினாள், எப்படிப் பேசினாள், நேற்று பேயே இல்லை என்றாயே, எதுவும் கேட்கவில்லை. பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். என்னை. அண்ணா சொம்பை எடுத்துக்கொண்டு எங்கள் கிணற்றுக்கு ஓடினார். முந்தின நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தி நகராத கதவு ஒரு பொய்க்குத் திறந்துகொண்டது.

அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். இரண்டாவது சொம்பில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உதட்டோரம் இலேசாகச் சிரிப்பு வந்தது.

"இன்னொரு கதையா?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"பேசாம குடிடி" என்றேன்.

சாயங்காலம் காய்ச்சல் சற்றுத் தணிந்தது. குழந்தையைப் பக்கத்தில் போடச் சொன்னாள். பெரியம்மாவும் அன்றைக்குத்தான் தண்ணீர் குடித்தார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. காலையில் மறுபடியும் காய்ச்சல் ஏறியது. இப்போது பெரியம்மா தடுக்கவில்லை, துரைசானிதான் இறங்கிவிட்டாளே. வண்டியில் வைக்கோல் பரப்பி அவளைக் கிடத்தி, மதிலோரமாகவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டு, "இத்தன நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று எல்லோரையும் பொதுவாகக் கேட்டார். பெரியம்மா என்னைப் பார்த்தார், நான்தான் படித்தவள், பதில் சொல்லட்டும் என்று. டாக்டர் தமக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார். மூன்றாம் நாள் பகல் பத்து மணிக்கு அவள் போய்விட்டாள்.

பிற்காலத்தில் ஒரு நர்சம்மாவிடம் கேட்டேன். பிரசவத்தில் விஷம் ஏறியிருக்கும், முதல் நாளே கொண்டுவந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம், வந்தும் போயிருக்கலாம், சொல்ல முடியாது என்றார். தண்ணீர் கொடுக்காததால் செத்தாளா என்று கேட்டேன். அதுவும் சொல்ல முடியாது என்றார். அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அதில் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆமாம் என்றோ இல்லை என்றோ யாராவது ஒருத்தர் சொல்லித் தொலைத்தால் தேவலை.

காரியம் முடிந்த மறுவாரம் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன், ஏசட்டும் என்றுதான் காத்திருந்தேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ மட்டும் வரலன்னா அதோடவே போயிருப்பா. தண்ணி குடிச்சதும் அது எறங்கிடுச்சி. எங்க வூட்டுப் பொண்ணாவே போனா. அந்தப் புண்ணியம் உனக்குத்தான்" என்றார். பிறகு குழந்தையை என் மடியில் கிடத்தி, தொட்டுக் கொடு என்றார். என் கை பட்டால் துரைசானி இதை அண்டாதாம்.

அவரிடம் மறுபடியும் உண்மையைச் சொன்னேன். முதல் கதையும் பொய், இரண்டாவது கதையும் பொய் என்றேன். அவர் பதறிப்போய் என் வாயைப் பொத்தினார். "மெதுவா பேசு. அதுக்குக் கேட்டுரும்."

அதற்கப்புறம் அந்தக் கதையைக் கொல்ல நான் செய்யாத பிரயத்தனம் இல்லை. மஞ்சள் பூசி வந்த அந்தக் கல்லையே எங்கள் கிணற்றடியில் போட்டு, ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கத் துவைத்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. துரைசானி என் சொல்லுக்குக் கட்டுப்பட்டவள் என்று ஆகிவிட்டது. காய்ச்சல்காரக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கேட்டுக்கு வரத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தண்ணீர் கொடுங்கள் என்று கத்தி விரட்டினேன். ஆவேசம் வந்திருக்கிறது என்று தள்ளி நின்று கும்பிட்டார்கள். மோர்க்காரம்மாவைக் கூப்பிட்டு, அது நான் உங்களிடம் சொன்ன பொய்தானே என்றேன். "நீ சொல்றதுக்கு முன்னாடியே எங்க மாமியார் அத பாத்திருக்காங்க" என்றார் அந்த அம்மா. பாதிரியார் அடுத்த தடவை வந்தபோது நோட்டில் ஒரு கல்கூடக் குறையவில்லை. அப்பாவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா உள்ளே வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதை நிறுத்தியிருந்தோம்.

குழந்தை ஆட்டுப்பாலில் வளர்ந்தது. வருஷா வருஷம் அவள் இறந்த நாளில் பெரியம்மா அதைக் குளிப்பாட்டி, தோட்டத்தில் பறித்த முதல் அவரைக்காய் ஒரு கூடையோடு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வருவார். நான் தொட்டுக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு வருஷம் மாட்டேன் என்று சண்டை போட்டேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துத் தொட்டுக் கொடுத்தேன். அவளுடைய கண்ணும் மூக்கும் அப்படியே அந்தப் பிள்ளைக்கு வந்திருந்தது. சிரித்தால் அவளேதான்.

டிரெயினிங் முடித்து எனக்குச் சேலம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்த நாள் வந்தது. பிள்ளைக்கு அப்போதுதான் ஐந்து வயது ஆகியிருந்தது. பெரியம்மா உள்ளே அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கல்லறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அத்த" என்றது.

"என்ன கண்ணு?"

"எங்கம்மாவ துரைசானி நல்லா வெச்சிருக்காங்களா?"

கட்டிக் கொடுத்த பெண்ணைப் பற்றி எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கேட்பார்கள், மாமியார் நல்லா வெச்சிருக்காங்களா என்று. சந்தைக்கு வருகிற பெண்களிடம் பாட்டி கேட்டதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. முகத்தில் பயம் கொஞ்சம்கூட இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது.

உண்மையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! பெரியம்மாவிடம், அண்ணாவிடம், மோர்க்காரம்மாவிடம், கேட்டுக்கு வந்த ஒவ்வொருத்தரிடமும். ஒருத்தர்கூட நம்பவில்லை. இந்தப் பிள்ளை நம்பும். நான் எதைச் சொன்னாலும் நம்பும். துரைசானி இல்லை என்றால் இல்லை. அப்புறம் அம்மா எங்கே, ஏன் செத்தாள், யாரால் என்று அடுத்தடுத்துக் கேட்கும். என்னைப் பார்த்துக் கேட்கும், அவளுடைய அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு.

"நல்லா வெச்சிருக்காங்க கண்ணு" என்றேன்.

பிள்ளை சரி என்று தலையாட்டிவிட்டு, அதைச் சொல்வதற்காகப் பாட்டியிடம் ஓடியது.